சாம்பல் பருந்தின் அப்பா

காவல் நிலையத்தில் வரிசையாக நின்ற பன்னிரண்டு பேர் உடம்பிலும் ரத்தம். பன்னிரண்டு பேரும் சாம்பல் பருந்து வேடத்தில்.

காமிக்ஸில் நாயகன் ஒருவன்தான். ஆனால் உலகங்கள் பல, உலகத்துக்கு ஒரு பருந்து. நியூயார்க் காமிக்ஸ் விழாவில் எல்லாப் பருந்துகளும் புத்தகக் கடைக்காரர் வெண்டலை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டபோதுதான், அவர்களில் எவனோ அவர் விலாவில் கத்தியைச் செருகிவிட்டான். துடித்தவரை எல்லாருமாகத் தூக்கிக்கொண்டு ஓடியதில் எல்லார் மேலும் ரத்தம்.

வெண்டல் நாளை ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவர். கூலிக்கு வந்தவன் வேடம் மாட்டிக்கொண்டு உள்ளே புகுந்திருக்கிறான். அவர் உயிர் இன்னும் ஊசலாடுகிறது. இவனை வெளியே விட்டால் ஆஸ்பத்திரிக்கே போய் மிச்சத்தையும் முடித்துவிடுவான், பாவி.

"முகமூடியக் கழட்டிப் பாத்தாச்சு மேடம். எவன் மேலயும் பழைய கேஸ் இல்ல. எல்லாரும் கையுறை போட்டிருக்கானுங்க, கத்தியில ரேகையும் இல்ல," என்றார் சார்ஜென்ட் ஹூபர்ட். "வக்கீல் வந்துட்டார். விடச் சொல்லிக் குதிக்கறார்."

"ஒரே ஒரு கேள்வி. எங்க வீட்டுல பசங்க கேட்டுக்கற கேள்விதான்," என்றாள் துப்பறியும் அதிகாரி ரோசெட். அந்தக் கேள்வியால் பெரியவன் புருவத்தில் போட்ட தையல் அவள் ஞாபகத்துக்கு வந்தது.

வரிசையின் முன்னால் போய் நின்றாள். "சாம்பல் பருந்தோட அப்பா எப்படிச் செத்தார்?"

ஹூபர்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"தீயில," என்றான் ஒரு தடியன்.

"அது முதல் உலகம்டா, மண்டு! அதைத்தான் அழிச்சுட்டாங்களே. இப்ப மகனே சுட்டுட்டான்."

"சுட்டது மூணாவது உலகத்துப் பருந்து! படிக்காம உளறாத!"

"யாரைடா படிக்காதவன்ங்கற?"

முதல் குத்தில் மூக்கு உடைந்தது. அடுத்த நொடி நாற்காலி பறந்தது. ஒருவன் பல்லைத் துப்பிவிட்டு, "அவர் சாகவே இல்லடா!" என்று அலறியபடி அடுத்தவன் கழுத்தை நெரித்தான். வெண்டலின் ரத்தத்தின் மேல் புது ரத்தம் வழிந்தது.

"காரியத்தையே கெடுத்துட்டீங்களே மேடம்!" ஹூபர்ட் துப்பாக்கியை உருவினார்.

ரோசெட் சண்டையை விலக்கவில்லை, ஒதுங்கினாள். சுவரோரம் கைகட்டி நின்ற ஒரு பருந்து அவளுக்கு மரியாதையாக இடம் விட்டான்.

"வெறும் கதைக்குப் போய் இப்படி அடிச்சுக்கறாங்களே, மேடம்!" என்றான் அவன்.

"ஹூபர்ட், இவன் கையில விலங்க மாட்டுங்க."