தஞ்சாவூர் இல்லாத மேப்

சங்கரா மீனில் நல்ல நடுத்துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, ஜீவாவுக்கான டிபன் பாக்ஸில் வைத்தாள் ஜெனிஷா. பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் கிறிஸ்துராஜின் வயிற்றில் எரிந்த நெருப்பை வைத்து, அம்பத்தூர் எஸ்டேட் முழுவதற்கும் ஒரு மாதம் மிஷின் ஓட்டியிருக்கலாம்.

"கட்ன புருஷனுக்கு வால் துண்டு, அவனுக்கு நடுத்துண்டா?"

"ஜெயிக்கிறவங்க நல்லா சாப்டணுங்க. ஜீவா அண்ணன் மூள யாருக்கு வரும்?"

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. அதனால் அந்தப் பாக்ஸைத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பாடியில் இறங்கி, அங்கே கம்பெனியில் வேலை செய்யும் ஜீவாவிடம் சேர்ப்பதும் கிறிஸ்துராஜின் தலையெழுத்து. "எப்டிடா ஜெயிக்கிற?" என்று கேட்டால் அந்தத் தடியன் பதில் சொல்ல மாட்டான். மூடியைத் திறந்து மோந்து பார்த்துச் சிரிப்பான்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் ஆட்டத்தால் வந்த வினை. கிறிஸ்துராஜ், ஜீவா, ஜாக்சன் என்று மூன்று கூட்டாளிகள்; ஆளுக்கொரு ராஜ்ஜியம், அவரவர் வீட்டிலிருந்தே சண்டை. மேப் என்னவோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ்நாடு. ஜீவா வாராவாரம் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு, காவிரித் தண்ணீரில் நெல்லை விளைத்து, யானைப்படை திரட்டி, கிறிஸ்துராஜின் காஞ்சிபுரத்தை அப்பளமாக நொறுக்கிவிட்டுப் போவான். அதுவும் வாயே திறக்காமல். மைக் ரிப்பேராம், டைப் மட்டும்தான் அடிப்பான்.

"சரித்திர மேப்புல, தஞ்சாவூர்ல ஒரு ஆட்டுக்குட்டிய கட்டி வெச்சாகூட அது ஜெயிச்சிடும்," என்றான் கிறிஸ்துராஜ். "அதான் இன்னிக்கு ரேண்டம் மேப்பு. மலை, ஆறு எல்லாத்தையும் கம்ப்யூட்டரே கலைச்சுப் போட்டுடும். யாரு எங்க கீறான்னு யாருக்கும் தெரியாது. இப்ப வரட்டும் உன் அண்ணன்."

"இதுலயும் தோத்துட்டா?"

"ஜென்மத்துக்கும் ஞாயித்துக்கெழம மீனு ஆயுறது நானு. ஜெயிச்சா அவனுக்கு வெறும் கொழம்பு கட்டு. நடுத்துண்டு எனக்கு. எம் மூளயப் பத்தியும் நாலு வார்த்த சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு," என்ற ஜெனிஷா, ஞாயிற்றுக்கிழமையும் விடாத ஆபீஸ் வேலையைத் திட்டிக்கொண்டே லேப்டாப்போடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹாலில் ஆட்டம் தொடங்கியது. கம்ப்யூட்டர் கலைத்த கலைப்பில் கிறிஸ்துராஜுக்கு விழுந்தது சாட்சாத் சொர்க்கம். சுற்றிலும் வானத்தில் ஓட்டை போடுகிற உயரத்துக்கு மலை, நடுவே தங்கச் சுரங்கம், எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல்.

"நான் சதுப்புல மாட்டிகினேன் மாமே, ஒரு குதிரகூட இல்ல," என்று காட்டுப்பாக்கம் ஜாக்சன் ஹெட்போனில் புலம்பினான். 'எனக்குப் பாலைவனம்' என்று டைப் அடித்தான் ஜீவா. கிறிஸ்துராஜ் சிரித்த சிரிப்பில் அயனம்பாக்கம் ஏரிக் கொக்குகள் எல்லாம் ஒரு முறை எழும்பி உட்கார்ந்தன.

ஜெனிஷா டீ கொண்டுவந்து வைத்தாள். அப்பேர்ப்பட்ட ராஜ்ஜியத்தைப் பெண்டாட்டியிடம் காட்டாமல் இருக்க முடியுமா? மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, திரையில் விரலை வைத்தான்.

"பாத்தியா எங்கோட்டைய? உள்ள வர்றதுக்கு வடக்கால இந்தச் சந்து ஒண்ணுதான். பாக்க பாறை மாதிரி கீது, ஆனா பாறை இல்ல. எவனுக்கும் தெரியாது. அங்க ஒரு சிப்பாயக்கூட நிறுத்தல, மொத்தப் படையும் ஜாக்சனப் புடிக்கப் போயிருக்கு."

"இன்னா மலையோ, இன்னா சந்தோ." அவள் கொட்டாவி விட்டாள். "டீ ஆறுது, குடிங்க."

போட்ட கணக்குப்படி ஜாக்சனின் சதுப்பு விழுந்தது. கிறிஸ்துராஜ் மனசுக்குள் நடுத்துண்டை முள் எடுத்துச் சாப்பிடத் தொடங்கியிருந்தான். அப்போதுதான் வடக்குச் சந்து வழியாக ஜீவாவின் ஒட்டகப்படை கொட்டியது. எங்கேயும் நின்று வழி பார்க்கவில்லை. நேராக நெல் கிடங்கு, அடுத்து தங்கச் சுரங்கம்.

"ஜாக்சா, இவனுக்கு எப்டிடா வழி தெரிஞ்சுது? திருட்டு வேல பண்றான்."

"வயித்தெரிச்சல்ல பேசாத மாமே. அவனுக்கு மூள கீது, நமக்கு இல்ல. அவ்ளோதான்."

மூளை என்ற வார்த்தையை இன்னொரு தடவை கேட்டால் கிறிஸ்துராஜ் கம்ப்யூட்டரைத் தூக்கி ஏரியில் போட்டிருப்பான். அதற்குள் காலிங் பெல் அடித்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

வாசலில் கம்பெனி யூனிபாரத்தோடு ஜீவா நின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கு லீவு மச்சான், நீ பாடிக்கு வந்தா நான் இருக்க மாட்டேன். அதான் டூட்டி முடிஞ்ச கையோட கொழம்ப இப்பவே வாங்கினு போலாம்னு வந்தேன். இந்தா, போன வாரத்து பாக்ஸு."

கிறிஸ்துராஜ் அவன் கைகளைப் பார்த்தான். ஒன்றில் கழுவிய காலி பாக்ஸ், இன்னொன்றில் ஹெல்மெட். திரும்பித் திரையைப் பார்த்தான். ஜீவாவின் ஒட்டகங்கள் அவன் தலைநகரத்து வாசலை முட்டிக்கொண்டிருந்தன.

"நீ இங்க கீற. அப்ப அங்க ஆடினுகிறது யாரு?"

"நான் ஆட்டத்தத் தொட்டே ஆறு மாசம் ஆவுது மச்சான், ஞாயித்துக்கெழமயும் டூட்டி போட்டுட்டான். ஐடிய வாடகைக்கு உட்டுகீறேன்." ஜீவா காலி பாக்ஸைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

சாத்தியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஜெனிஷாவின் குரல் வந்தது.

"இருங்கண்ணா, இவரு தலைநகரத்த எரிச்சிட்டு வந்து கொழம்பு எடுத்துத் தரேன்."