வீரசாமியின் தோள்

"கைய மேல தூக்குங்க!"

ஆட்சி கவிழ்ந்து, சாலைக்குச் சாலை துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்ற அந்த வருடம், பிஜித் தீவின் லவுத்தோக்காவில் இந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் மறுபேச்சில்லாமல் கையைத் தூக்கிவிடுவார்கள். வீரசாமி மட்டும் சிரித்தார்.

"தூக்க முடிஞ்சா இங்க ஏம்மா வரேன்?"

தூக்கச் சொன்னவள் சஞ்சேஷ்னி. ஊரில் மிச்சமிருந்த ஒரே பிசியோதெரபிஸ்ட். மற்றவர்கள் எல்லோரும், நாட்டை விட்டு எங்கும் போகமாட்டோம் என்று மேடையில் பேசிவிட்டு விமானம் ஏறியிருந்தார்கள்.

அவளுக்கும் நேரம் வந்திருந்தது. ஆக்லாந்தில் கிளினிக் வைத்திருக்கும் ஓர் அம்மாள், கடற்கரையில் விடுமுறையைக் கழிக்க வந்த இடத்தில், அப்படியே ஆள் எடுக்கவும் வந்திருந்தாள். சஞ்சேஷ்னி தன் கையாலேயே குணமாக்கிய ஒரு நோயாளியைக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை, விசா எல்லாம். லம்பாசாவில் அப்பாவின் கரும்பு நிலத்துக்குக் குத்தகை முடியப்போகிறது. இவள் போனால்தான் குடும்பம் கரையேறும்.

யாரைக் காட்டுவது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை; வீரசாமியிடமே விஷயத்தைச் சொல்லி வரச் சொன்னாள். வீரசாமி முதன்முதலில் வந்தபோது சட்டை மாட்ட முடியாமல் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தவர். தனி ஆள், உதவிக்கும் யாரும் இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தோள்பட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மேற்கை எலும்பை மறு கையால் கீழே, பின்னே என்று மெல்ல மெல்ல அசைத்து, மாதக்கணக்கில் இறுகிப்போன அந்தத் தோளின் பூட்டைத் திறந்திருந்தாள். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். போன வாரம் கை காது வரைக்கும் வந்துவிட்டது.

வலியை மறக்க அவர் பேசிக்கொண்டே இருப்பார். "பல் டாக்டர் என் பல்ல ஓட்ட போட்டான். அடுத்த வாரம் வாங்க, அடைக்கிறேன்னான். போனா கதவுல பூட்டு. ஆளு பிரிஸ்பேன்ல இருக்கான், ஓட்ட எங்கிட்ட இருக்கு! நல்லவேள, நீயாவது இருக்க."

சஞ்சேஷ்னி இன்னும் கொஞ்சம் அழுத்துவாள்.

இன்று பரீட்சை. வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய, கங்காரு படம் போட்ட கழுத்திறுகிய டீ-ஷர்ட்டில் வீரசாமி மாப்பிள்ளை மாதிரி வந்து கட்டிலில் படுத்தார். ஆக்லாந்து அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சஞ்சேஷ்னி சாமியை வேண்டிக்கொண்டு அவர் வலது கையைத் தூக்கினாள்.

மார்பு வரை வந்து நின்றுவிட்டது.

"மாமா, போன வாரம் காது வரைக்கும் வந்துச்சே!"

"மழை பெய்யுதில்லம்மா, மறுபடி பூட்டிக்கிச்சு. ஆ! அரே, தீரே தீரே! மெதுவாம்மா!"

அவர் போட்ட கூச்சலில் வெளியே நின்ற டாக்சிக்காரர்கள் சன்னலில் எட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் தானே ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். இன்னும் பெரிய கூச்சல். உதட்டைப் பிதுக்கினாள். "நீ நல்ல பெண்தான். இன்னும் கொஞ்சம் பழக வேண்டும். அடுத்த விடுமுறைக்கு வந்தால் பார்ப்போம்" என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஊர்ப் பாஷையில் ஒரு "வினாக்கா", நன்றி, சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு டாக்சி பிடித்தாள்.

சஞ்சேஷ்னி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். லம்பாசாவுக்கு போன் செய்து என்ன சொல்வது?

"போனா போவுது, விடும்மா" என்றபடி எழுந்த வீரசாமி, கதவுக்கு மேலே ஆணியில் தொங்கிய குடையை எட்டி எடுத்தார். வலது கையால்.

கை காதைத் தாண்டி, தென்னை மாதிரி நேராக நின்றது.

"மாமா!" அவள் துள்ளி எழுந்தாள். "கை... நல்லா தூக்குறீங்களே!"

"நாலு நாளா நல்லா வருது. உன் கைராசி யாருக்கு வரும்?"

"அப்ப அந்தம்மா முன்னாடி ஏன் அப்படிக் கத்துனீங்க? என் பொழப்பே போச்சே மாமா!"

வீரசாமிக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"இப்ப இடது தோள் இறுக ஆரம்பிச்சிருக்கும்மா."