ஒரு சொட்டுத் தைலம்

டிரா ஆகியிருந்தாலே லீக் கோப்பை அவர்களுக்குத்தான். கடைசி நிமிடத்தில், கைக்குள் வந்த பந்தை கோல்கீப்பர் ஷிபு நழுவ விட்டுவிட்டான். உடைமாற்றும் அறையில் எல்லோரும் அழுதார்கள் என்றாலும், அவன் அழுகைதான் கேப்டன் டென்சிங்கை உறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்தான். தைல வாசம் மூக்கைத் துளைத்தது, அதுவும் ஷிபுவின் இமையிலிருந்து. எவனிடமோ விலைபோய்விட்டு நாடகம் ஆடுகிறானா?

"கண்ணுல என்னலே தேச்சிருக்க?" என்று காதோரம் கேட்டான்.

ஷிபு மறைக்கவில்லை. குப்பியை எடுத்து டென்சிங்கின் கையில் திணித்தான். "அழுகையே வரல்லண்ணே, நெஞ்சு மரத்துப் போச்சு. வெளிய ஊரே நிக்குது. கண்ணு காஞ்சிருந்தா, மேட்ச வித்துட்டான்னு சொல்லிருவாங்க. நீங்களும் கொஞ்சம் தேச்சுக்கிடுங்க."

டென்சிங் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். பொட்டு ஈரம்கூட இல்லை. தேம்பிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து அவனையே உற்றுப் பார்த்தார்கள். அவசரமாக மூடியைத் திருகித் திறந்தான். இடைவேளையில் ஒருவனின் கால் சுளுக்குக்காக அவனே பிரித்துக் கொடுத்த புதுக் குப்பி அது. அடியில் ஒரு சொட்டுதான் மிச்சமிருந்தது.