தொலைந்து போகும் நாள்

கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் பக்கீர் மைதீன் குனிந்து நின்றார். ஐம்பத்தாறு வயதில் ஒளிந்து விளையாடுவது முட்டிக்கு ஆகாது.

அங்கிருந்து அறிவிப்புக் கூடம் நன்றாகத் தெரிந்தது. மைக்கின் முன்னால் ஒரு வியட்நாமியப் பெண். அவளுக்கு எதிரில், முக்காட்டை இழுத்துவிட்டபடி அவர் மனைவி.

வியட்நாமின் துறைமுகப் பகுதியான கான் ஹொய்யில் கோடைச் சந்தை கூடும்போதெல்லாம் அவர் இப்படித் தொலைந்து போவார். இது ஆறாவது வருஷம்.

அதற்கு முன் செய்யவேண்டியவை சில உண்டு. சுட்டு, உருளையில் நசுக்கிய கணவாய் ஆளுக்கொன்று. ராட்டினத்தில் ஒரு சுற்று; மேலே போனதும் ஆறும் கப்பல்களும் தெரியும், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு வாத்துக் கொட்டகை. உயிருள்ள வாத்தின் கழுத்தில் வளையத்தை எறிந்து மாட்டினால் வாத்து நமக்கு. அவருக்கு இதுவரை ஒன்றும் மாட்டியதில்லை.

பரிசு எண் விளையாட்டான லோத்தோவில் பாட்டுக்காரி எண்களைப் பாட்டாகப் பாடத் தொடங்கியதும், எல்லோரும் அட்டையைப் பார்த்துக் குனிவார்கள். அந்த நேரத்தில் அவர் நழுவுவார்.

காணாமல் போனவரைத் தேட வேண்டுமென்றால் மைக்கில் பெயர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

இந்த நகரத்தில் அவர் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. துணிக்கடை இருந்த காலத்தில் நம்மவர்கள் ‘பாய்’ என்றார்கள். கடை போய், நம்மவர்களும் ஊர் திரும்பிய பிறகு, அக்கம்பக்கத்து வியட்நாமியர்கள் ‘ஓங் பய்’ என்றார்கள். அவர்கள் மொழியில் ஏழாமவர் என்று அர்த்தம். ‘பாய்’ எழுத்தில் ஒரு கால்தானே குறைந்தது என்று முதலில் சிரித்துக்கொண்டார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அண்ணன் ஜெய்னுலாபுதீன் ஒருவர்தான். எழுபத்தாறாம் வருஷம் விமானப் படிக்கட்டிலிருந்து திரும்பி, “பக்கீர் மைதீனு, கடிதாசி போடுடா!” என்று கத்தினார். கடிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தது. இந்த மார்ச்சில் வந்தது, அண்ணன் மவுத்தான செய்தி.

மிச்சம் இருப்பது மனைவி. அவள் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்வது அவள் பிறந்த வீட்டில் வழக்கமில்லை.

ஐந்து வருஷமும் அவள்தான் ஜெயித்தாள்.

முதல் வருஷம், “வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை” என்று சொல்லவைத்தாள். ஒன்பது பேர் வந்து நின்றார்கள். மறுவருஷம் ‘ஓங் பய்’. அதற்கப்புறம் இரண்டு வருஷமும் ‘எம் மவனோட வாப்பா’. போன வருஷம் கூடத்துப் பக்கமே போகவில்லை. சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து இன்னொரு கணவாய் வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். சைக்கிள் சாவி அவளிடம்தான் இருந்தது.

இன்று அவள் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். அறிவிப்புக்காரப் பெண் ஏதோ கேட்டாள். இவள் தலையாட்டினாள். பிறகு கையை நீட்டி மைக்கைத் தானே வாங்கிக்கொண்டாள்.

“பக்கீர் மைதீன்!”

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் அந்தப் பெயர் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. ராட்டினத்தின் உச்சியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். பாலத்தில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும். ஆற்றில் நின்ற கப்பல்களுக்கும்தான்.

“கரும்பு வண்டிக்குப் பின்னாடி எம்புட்டு நேரந்தான் குனிஞ்சிக்கிட்டு நிப்பீங்க? முட்டி வலிக்கப் போவுது. வெளில வாங்க!”

அவர் நிமிர்ந்தார். தெரிந்திருக்கிறது. ஐந்து வருஷமும் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது!

“அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்று வியட்நாமிய மொழியில் கேட்டான் கரும்புச்சாறுக்காரன்.

“என் பேரைச் சொன்னா” என்றார்.

பரிசுக்கோப்பை வாங்கப் போகிறவரைப்போல நெஞ்சை நிமிர்த்தி, அவசரப்படாமல் நடந்தார். வழியில் தெரியாதவர்களுக்கெல்லாம் தலையசைத்தார். லோத்தோ மேடை அருகே நின்று, எதற்கென்று தெரியாமல் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார்.

கூடத்தில் அவள் இல்லை.

“உங்க சம்சாரத்தைக் காணோம், ஓங் பய்” என்றாள் அறிவிப்புக்காரப் பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். “தொலைஞ்சு போறேன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. பேரு சொல்லுங்க, கூப்பிடலாம்.”

“பா பய்” என்றார். ஏழாமவர் மனைவி.

“இந்தச் சந்தையில மட்டும் அம்பது பா பய் இருப்பாங்க” என்று அவள் மைக்கை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அதைப் பிடித்தார். “புள்ளே...”

‘புள்ளே’ கம்பத்துக்குக் கம்பம் போய்த் தேய்ந்தது. யாரும் வரவில்லை.

“இந்தா, புள்ளே...”

முப்பத்தொரு வருஷமாக இதுதான். நிக்காஹ் அன்று தோங் யூ பள்ளிவாசலில் அவள் பெயரை ஹஜ்ரத் சொன்னார். இவர் சம்மதம் மட்டும் சொன்னார். ரேஷன் அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாயால் சொன்னதில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அவள் உம்மா போயே பதினைந்து வருஷம் ஆகிறது.

அவர் தொண்டையைச் செருமியது சந்தை முழுக்கக் கேட்டது.

“ஜெய்த்தூன்” என்றார். பிறகு, பாலத்துக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி, “ஜெய்த்தூன் பீவி!”

வாத்துக் கொட்டகைப் பக்கம், கூட்டத்துக்கு மேலே ஒரு கை உயர்ந்தது, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லும்போது உயர்வதுபோல.

அவளுடைய மறு கையும் உயர்ந்தபோது, அதில் வாத்து இருந்தது.