எது நல்ல கார்ட்?

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் கணினிக் கடையொன்றில் வேலை செய்யும் சுலக்ஷனுக்குப் பொறுமை போய்விட்டது. ஊரில், இலங்கையில், போர் முடிந்து ஒரு வாரம். அவனுக்கே மனம் சரியில்லை. இதற்குள் கிருபாமலர் அன்ரி தன் கணவருக்காக மூன்றாவது நாளாக வந்து, அதே இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளையும் ஒப்பிடச் சொல்லிக்கொண்டு நின்றார்.

“அன்ரி, இதுக்கு மெமரி ஒரு ஜிபி. மற்றதுக்குப் பாதிதான். வேகமும் இதுக்குத்தான் கூட. படம் பளிச்செண்டு இருக்கும்.”

“அப்ப மற்றது?”

“அது பழசு. வீடியோ சிக்கிச் சிக்கி ஓடும்.”

“முகங்கள் தெரியாதோ?”

“இதைவிடக் குறைவாத்தான் தெரியும்.”

“அப்ப அதைத் தா.”

அவனுக்கு எரிச்சல் ஏறியது. “அங்கிள் போனில நல்லதைத்தானே கேட்டவர்? விலைதான் பிரச்சினை எண்டால் குறைச்சுத் தாறன்.”

“விலை இல்லை, பிள்ளை.” அவர் குரல் தாழ்ந்தது. “வன்னியில எடுத்த வீடியோ ஒண்டு இன்ரர்நெற்றில வந்திருக்கு. அதில செத்தவையின்ர முகங்களைப் பெருசாக்கிப் பார்க்கத்தான் அவர் கார்ட் கேட்கிறார். தன்ர தம்பியைத் தேடுறார்.”

“தேடட்டுமே, அன்ரி.”

“நான் முந்தநாளே கண்டிட்டன். நெத்தித் தழும்பில தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை இவருக்கு நெஞ்சு ஒப்பரேசன். அது முடியுமட்டும் இவர் காணக்கூடாது.”

சுலக்ஷன் இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேசைக்குக் கீழே வைத்தான்.

“ரெண்டும் வித்து முடிஞ்சுது, அடுத்த கிழமைதான் வரும் எண்டு சொல்லுங்கோ, அன்ரி. அங்கிள் போன் எடுத்தால் நானும் அதைத்தான் சொல்லுவன்.”