பதினோராவது கடை

பத்துக் கடைகளில் பாக்கெட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

பதினோராவது கடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒரே கொள்ளுப் பொடிதான். அவளே வறுத்து, அவளே அரைத்து, அவளே பெயர் ஒட்டிய ஐம்பது கிராம் பாக்கெட். எல்லா இடத்திலும் ஒரே விலை. பத்துப் பத்தாக நாடாவில் சரமாக ஸ்டேப்ளர் பின் அடித்து, திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தது.

மூன்று வாரமாக இதே கதை.

ஏன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கார்த்திகைக்குள் எல்லாக் கடையிலும் ஓடாவிட்டால், வீட்டைக் காலி செய்துவிட்டுச் சேலத்தில் அண்ணன் வீட்டு மாடியறைக்குப் போய்விடுவதாக அவளே சொல்லியிருந்தாள். ஐப்பசி பாதி தாண்டிவிட்டது. மாடியறையில் ஃபேன் மாட்டிவிட்டதாக அண்ணி போன் செய்தாள்.

முதலில் ஏரியாதான் காரணம் என்று நினைத்தாள். பதினோராவது கடை இருப்பது கம்பெனிகளும் ஹாஸ்டல்களும் நெருக்கியடித்த தெரு. ஆனால் அதே தெருவில் நாலு கட்டடம் தள்ளித்தான் ஏழாவது கடை. அங்கே பாக்கெட்டுகளின்மேல் விரலால் கோடு போடலாம், அவ்வளவு தூசி.

பிறகு, கடைக்காரர் எடுத்துச் சொல்லி விற்கிறாரோ என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கடை நாச்சிமுத்து சில்லறை கொடுக்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்காத மனிதர்.

விற்காத பத்துக் கடைகளுக்குள்ளும் போய்ப் பார்த்திருந்தாள். விற்கிற கடையில் மட்டும் கல்லாவரை போய்த் திரும்பிவிடுவாள். விற்கிற இடத்தில் போய் என்ன பார்ப்பது?

அதுதான் தப்பு என்று உறைத்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே போய் நின்றாள். மசாலா ரேக்கில் அவள் பொடி இல்லை.

"ரேக்குல எடமில்லீங்க. தயிர் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல காலண்டர் ஆணி ஒண்ணு சும்மா கெடந்துச்சு, மாட்டி உட்டுட்டேன்." நாச்சிமுத்து தராசைப் பார்த்தபடியே சொன்னார். "ஏனுங்க, ஆணியில தொங்குனா உங்க பொடிக்குக் கௌரவக் கொறைச்சலா?"

அவள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டாள்.

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒருவன் வந்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து பத்து ரூபாய்த் தயிர் ஒன்றை எடுத்தான். கதவைச் சாத்தியபோது, மூக்குக்கு நேரே பொடி.

ஒன்றைக் கிழித்துக்கொண்டான்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பெண். பத்து ரூபாய்த் தயிர். ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். பெரிது. வைத்துவிட்டாள்.

பொடி.

துணிப்பையோடு ஒரு பெரியவர். தயிர். பொடி. "மழை வரும்போல இருக்குதுங்க" என்றார்.

"வரட்டும்ங்க" என்றார் நாச்சிமுத்து.

பெரியவர் இன்னும் சற்று நின்றார். வேறு பேச்சு வராததால் போய்விட்டார்.

பிறகு கணவனும் மனைவியுமாக இரண்டு பேர், இடுப்பில் குழந்தை. ஒரு லிட்டர் தயிர். அவர்கள் ஆணிப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மசாலா ரேக்குக்குப் போய், கையிலிருந்த மளிகைச் சீட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே எடுத்தார்கள்.

ஏழரை மணிக்குள் சின்னத் தயிர் ஒன்பது போனது. அதில் ஆறு பேர் பொடி எடுத்தார்கள். பெரிய தயிர் மூன்று. பொடி இல்லை.

அவளுக்கு மெல்ல விளங்கியது.

மசாலா ரேக்குக்கு வருகிறவர்கள் சீட்டோடு வருகிறார்கள். சீட்டில் இல்லாதது பைக்குள் போகாது. அந்த வீட்டில் கொள்ளு வேகவைத்துக் கடைய ஆள் இருக்கிறது.

சின்னத் தயிருக்குச் சீட்டு கிடையாது. வீட்டில் சோறு இருக்கும். குழம்பு இருக்காது. ஒரு வயிற்றுக்காகக் குழம்பு கூட்டி வைக்க யாருக்கும் கை எழுவதில்லை. தயிரைக் கையில் எடுத்த பிறகுதான், தொட்டுக்கொள்ள என்ன என்ற நினைப்பே வருகிறது. கதவைச் சாத்திக் கல்லாவுக்குத் திரும்புவதற்குள் அது போயும்விடுகிறது.

அந்த இடைவெளியில் பொடி கண்ணில் பட வேண்டும்.

சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். போனை எடுத்தாள். பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். பட்டியல் முடிந்தது.

போனைப் பைக்குள் போட்டாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்து பத்து ரூபாய்த் தயிர் ஒன்றை எடுத்தாள்.

மறுநாள் காலையில் ஒரு சுத்தியலோடும் பத்து ஆணிகளோடும் கிளம்பினாள். ஏழாவது கடையில் கடைக்கார அம்மா இருந்தார். ரேக்கிலிருந்து அவள் பாக்கெட்டுகளை எடுப்பதைப் பார்த்து, "ஏங்கண்ணு, அங்கயே இருந்தாத்தான எல்லாருக்கும் தெரியும்?" என்றார்.

"எல்லாருக்கும் வேண்டாங்க."

தூசியைத் துடைத்தாள். தயிர் ஃப்ரிட்ஜின் கதவோரம், சாத்தினால் கண்ணுக்கு நேரே வருகிற உயரத்தில் ஓர் ஆணி அடித்தாள். அதில் ஒரு சரம். ஒவ்வொரு பாக்கெட்டும் ஓர் ஒற்றை ஆளுக்கு.