வெள்ளையாய் விட்ட ஆள்

கண்காட்சியில் அந்தக் கடைத்தெரு ஓவியத்தின் முன்னால்தான் கூட்டம். ஈரம் சொட்டும் சிவப்பில் பஸ், மஞ்சளாய் வழியும் பூக்கடை, நீலக் குடைகள். சுகந்தி மட்டும் டீக்கடை பெஞ்சையே பார்த்தாள். அதில் ஓர் ஆள் இடது காலை மடித்து உட்கார்ந்து, டீ கிளாஸைக் கைக்குட்டையால் பிடித்திருந்தார். பென்சில் கோடு மட்டும்தான். உள்ளே வெறும் காகித வெள்ளை.

மூன்று வருடங்களுக்கு முன் காணாமல் போன அவள் அண்ணன் அப்படித்தான் உட்காருவார்.

"சார், இவருக்கு மட்டும் ஏன் கலர் இல்ல?"

"தெருவுல உட்கார்ந்துதான் வரைவேன்மா," என்றார் ஓவியர். "தினமும் வர்றார். நான் பிரஷ்ஷை நனைச்சதும் எழுந்து போயிடுறார்."

"எந்தத் தெரு?"

"இதுக்குப் பின்தெருதான்."

"எத்தனை மணிக்கு?"

"நிழலைப் பாருங்க. நாலரை மணி வெயில். ஆனா, யாராவது உத்துப் பார்த்தாலே ஓடிடுவார்மா."

"ஓடட்டும் சார். நானும் ஓடுவேன்."

மணி நான்கு இருபது. சுகந்தி மறுபடி ஒருமுறை ஓவியத்தைப் பார்த்தாள். பெஞ்சில் அவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் இருந்தது. குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.